மஞ்சள் 14: மாடல் கிட் அருமை, கூட வந்த கதை அரைகுறை

துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய இந்தப் போர் விமான மாடல் கிட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். பிளாஸ்டிக் வார்ப்பு அருமை, கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் விமானியின் வாழ்க்கைக் குறிப்பை நம்பாதீர்கள், டெக்கால் தாளை (நனைத்து ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) தண்ணீரில் போடும் முன் அதிலுள்ள கோடுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டரை மாதம் ராத்திரி ராத்திரியாக இதோடு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பொருள் என்னவென்றால், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109, அதில் எஃப்-4 வகை, அதிலும் பாலைவனத்துக்கென்று மாற்றம் செய்த 'டிராப்' ரகம். 48-ல் 1 பங்கு அளவு. நிஜ விமானத்தில் ஓர் இறக்கை முனையிலிருந்து மறு முனைக்கு 9.92 மீட்டர், கட்டி முடித்த மாடலில் அது 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், விரித்த கைகள் இரண்டில் அடங்கிவிடும். பெட்டிப் படத்தில் மணல் நிற விமானம், பக்கவாட்டில் மஞ்சளில் 14. இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைகளைப் பற்றிப் படிப்பவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துவிடும்: ஹான்ஸ்-யோவாகிம் மார்செய். 158 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு, அதில் 151 வட ஆப்பிரிக்காவில். 'ஆப்பிரிக்காவின் நட்சத்திரம்' என்று ஜெர்மன் பிரசாரம் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஆள். செத்தபோது வயது 22.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம். ஸ்ப்ரூக்களில், அதாவது துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டங்களில், பிசிறு ரொம்பக் குறைவு, கத்தியால் லேசாகச் சுரண்டினால் போதும். பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள்) மெல்லியவை, பெயின்ட் அடித்த பிறகும் மூழ்கிப் போகவில்லை. காக்பிட்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இருக்கை பெல்ட்டுக்கு மெல்லிய உலோகத் தகடு தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், கருவிப் பலகையின் வட்டங்களை நுனித் தூரிகையால் தொட்டு எடுத்தால் உயிர் வந்துவிடுகிறது. ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. 109-இன் காக்பிட் எவ்வளவு குறுகலானது என்பது கட்டும்போதுதான் தெரிகிறது, ஓட்டுபவரின் தோள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டிருக்கும். மூடி பக்கவாட்டில், வலப்புறமாகத் திறக்கும், காற்றில் பின்னோக்கித் தள்ளித் திறக்க வழியில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

குறிப்புத் தாள் மார்செயின் இளமையை இரண்டே வரியில் முடிக்கிறது: 1919 டிசம்பர் 13 பெர்லினில் பிறந்தார், 1938-இல் விமானப் படையில் சேர்ந்தார், பிறவியிலேயே வேட்டைக்காரர். இந்தப் 'பிறவியிலேயே' என்ற சொல்தான் எனக்கு ஏற்கவில்லை, ஏனென்றால் ஆரம்பத்தில் அவர் படைக்கு ஒரு தலைவலி. அப்பா ராணுவ அதிகாரி, பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், பையன் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்கவில்லை. 1940 ஆகஸ்ட் 24 ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் முதல் விமானத்தை வீழ்த்தினார், அந்தப் போர்முனையில் மொத்தம் 7 கணக்கு. ஆனால் தன் விமானங்களையும் வரிசையாக இழந்துகொண்டிருந்தார், செப்டம்பரில் ஒருமுறை கடலில் குதித்து, மீட்பு விமானம் வந்து தூக்கிப் போக வேண்டியிருந்தது. அப்புறம் யோஹானஸ் ஸ்டைன்ஹாஃபின் கீழ் வந்தார். பின்னாளில் மேற்கு ஜெர்மன் விமானப் படைக்கே தலைவரான அதே ஸ்டைன்ஹாஃப்தான். திறமை இருக்கிறது, ஆனால் நம்பி ஒரு வேலையைக் கொடுக்க முடியாது, பெண்களோடு ஊர் சுற்றிவிட்டுச் சில நாட்கள் பறக்கவே லாயக்கில்லாமல் களைத்துப்போய் வருகிறார் என்று சொல்லி அவரை வேறு படைப்பிரிவுக்குத் தள்ளிவிட்டார். போன இடம் ஜேஜி 27, அங்கே எடுவார்ட் நாய்மன் என்ற தளபதி. இந்தப் பையன் ஒன்று ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவான், இல்லையென்றால் பெரிய விமானியாவான், இரண்டில் ஒன்றுதான் என்று நாய்மன் கணித்தாராம். மொத்த வாழ்க்கையும் திரும்பியது இந்த இடத்தில், ஒரு பொறுமையான மேலதிகாரி கிடைத்ததால். பெட்டித் தாளில் நாய்மன் பெயரே இல்லை.

1941 ஏப்ரலில் அந்தப் பிரிவு லிபியாவுக்குப் போனது, கஸாலா விமானத் தளம். ஏப்ரல் 23 அன்று தொப்ருக் அருகே ஒரு பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானத்தை வீழ்த்தினார், அதே நாளில் சுதந்திர பிரான்ஸ் படையின் ஜேம்ஸ் டெனி என்ற விமானி இவரையே சுட்டு இறக்கிவிட்டார். சக்கரம் இல்லாமல் விமானத்தின் அடிவயிற்றை மண்ணில் தேய்த்து இறக்கித் தப்பித்தார். 'தோல்வியே அறியாதவர்' என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள், இந்த ஒரு நாளே போதும் அதை மறுக்க.

எஞ்சின் மூடியில் ஒரு சிக்கல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். உள்ளே டெய்ம்லர்-பென்ஸ் 601 எஞ்சினைத் தலைகீழ் வி வடிவ 12 சிலிண்டரோடு முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதை வைத்து மேல் மூடியைப் பொருத்தினால் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எஞ்சினின் மேற்பகுதியை உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்த பிறகுதான் உட்கார்ந்தது. மூடியைத் திறந்தே காட்டப் போகிறவர்களுக்குக் கவலையில்லை. இடது பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் வடிகட்டி இரண்டு பாதியாக வருகிறது, இணைப்புக் கோடு நட்ட நடுவில் ஓடுகிறது, அதைப் பூசி மறைக்க ஒரு மாலைப்பொழுது ஆகும். இதை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். பாலைவன மணல் உள்ளே போனால் எஞ்சின் சில மணி நேரங்களிலேயே நாசமாகத் தொடங்கிவிடும், அந்த வடிகட்டி இருந்ததால்தான் இந்த விமானம் அங்கே பறந்தது. காக்பிட்டுக்குக் கீழே இடப்பக்கம் இரண்டு சின்னக் கொக்கிகள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவு, அவை எதற்கென்று தாளில் சொல்லவில்லை. தரையில் காத்திருக்கும்போது விமானியின் தலைக்கு மேல் குடை செருகுவதற்கு! வெயிலில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் புரியும்.

துப்பாக்கிகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எஃப்-4-இல் இறக்கையில் ஒன்றுமே இல்லை. புரொப்பல்லரின் நடுத்துளை வழியாகச் சுடும் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, எஞ்சினுக்கு மேலே 7.92 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டு, அவ்வளவுதான். இவ்வளவு குறைவான ஆயுதம் போதாது என்று சில ஜெர்மன் விமானிகளே குறைப்பட்டார்கள். மார்செய்க்கு அது போதுமாக இருந்தது, ஏனென்றால் குண்டுகள் எல்லாம் மூக்கிலிருந்து ஒரே கோட்டில் போகின்றன, குறி சரியாக இருந்தால் சில குண்டுகளே போதும். ஒரு விமானத்துக்குச் சராசரியாக 15 குண்டுகள்தான் செலவழித்தார் என்று அவரது ஆயுதப் பணியாளர்கள் கணக்கு வைத்திருந்தார்களாம்.

அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரிகளின் விமானங்கள் தாக்குதல் வந்ததும் வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும், ஒவ்வொன்றும் முன்னால் போவதன் வாலைக் காக்கும், பின்னால் வருபவனை மீறி யாரும் உள்ளே நுழைய முடியாது. அன்றைய பாடப்படி இந்த வட்டத்துக்குள் போவது தற்கொலை. இவர் தனியாக மேலிருந்தோ கீழிருந்தோ நுழைந்து, எஞ்சின் வேகத்தைத் திடீரென்று குறைத்து, அவர்களைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பி, இலக்கு இருக்கும் இடத்தைச் சுடாமல் அது போகப்போகும் இடத்தைச் சுடுவார். சுடும் நொடியில் இலக்கு அவரது எஞ்சின் மூக்குக்குக் கீழே மறைந்திருக்கும், அதாவது பார்க்காமலே சுடுகிறார். இது வரமாக வந்ததில்லை. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் சக விமானிகள் மேலேயே பொய்த் தாக்குதல் நடத்திப் பழகினார், மாதக்கணக்காக. கூடவே பறந்த ராய்னர் ப்யோட்கனுக்கு 'பறக்கும் எண்ணும் இயந்திரம்' என்று பட்டப்பெயர், ஏனென்றால் இவர் சுட்டு வீழ்த்துவதை எண்ணிச் சொல்வதே அவர் வேலையாகிவிட்டது.

இனி பெயின்ட். மேலே மணல் மஞ்சள், கீழே வெளிர் நீலம், உடலைச் சுற்றி வெள்ளைப் பட்டை, மூக்கிலும் இறக்கை முனைகளிலும் வெள்ளை. ஏர்பிரஷ் இல்லாதவர்களும் தைரியமாக இறங்கலாம், 109-களில் இதைவிடச் சுலபமான வண்ணத் திட்டம் கிடையாது. மூக்கில் வரும் சின்னத்தில் ஆப்பிரிக்க வரைபடம் இருப்பதால் பாலைவனத்துக்குப் போன பிறகு வரைந்தது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அந்தப் பிரிவு ஆப்பிரிக்காவுக்குப் போவதற்கு முன்பே அதை வைத்திருந்தது, ஜெர்மனி இழந்த காலனிகளை நினைத்து வரைந்தது.

டெக்கால்தான் இந்தக் கிட்டின் பலவீனம். படலம் தடிமன், ஓரங்களில் காற்று சிக்கி வெள்ளியாகப் பூக்கிறது, மென்மையாக்கும் திரவத்தை மூன்று முறை தடவியும் பேனல் கோட்டுக்குள் இறங்கவில்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம், வால் சுக்கானுக்கு வருகிறேன். வீழ்த்திய கணக்கை ஜெர்மன் விமானிகள் அங்கேதான் எழுதுவார்கள், விமானத்துக்கு ஒரு கோடு. மார்செயின் கடைசி எஃப்-4-இன் சுக்கான் இன்றும் இருக்கிறது, பெர்லின் காட்டோவில் உள்ள ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில். அதன் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டினேன். மேலே ஒரு இலைமாலை, அதற்குள் 100 என்ற எண், அதன் கீழே மீதிக் கோடுகள் வரிசையாக. என் பெட்டியில் வந்த தாளில் கோடுகள் 57. மூன்று தடவை எண்ணினேன். 58 இருக்க வேண்டும். வேறொரு கிட்டில் மிச்சமிருந்த தாளிலிருந்து ஒன்றை வெட்டி ஒட்டினேன், 1942 செப்டம்பர் 26 அன்று ஒரு பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோடு நடந்த கடுமையான சண்டைக்குரிய கடைசிக் கோடு அது.

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது எனக்குக் கோடுகளைவிட அந்த மாலைதான் உறுத்தியது. கோட்டிலாவது ஒரு கோட்டுக்கு ஒரு விமானம் என்று இருக்கிறது. முதல் நூறும் ஒரு மாலைக்குள் ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டன. 1942 ஜூன் 3 அன்று பிர் ஹக்கீமுக்கு மேல் தென்னாப்பிரிக்காவின் 5-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) டோமஹாக் போர் விமானங்களில் ஆறை 11 நிமிடத்தில் வீழ்த்தினார் என்று குறிப்புத் தாள் தடித்த எழுத்தில் போடுகிறது. அதில் ஒன்றில் இருந்தவர் ராபின் பாரே, அவரும் ஆறு விமானங்களை வீழ்த்திய தேர்ந்த விமானி, அன்றே இறந்துபோனார். அவருக்கு இந்தச் சுக்கானில் தனிக் கோடு கிடையாது, மாலைக்குள் இருக்கிறார். தாளில் பெயரும் இல்லை. ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆச்சரியம் என்னவென்றால், ஒவ்வொரு கணக்குக்குள்ளும் ஓர் ஆள் இருக்கிறார் என்பது மார்செய்க்கே தெரிந்திருந்தது. 1941 செப்டம்பரில் ஆஸ்திரேலிய 451-ஆம் ஸ்குவாட்ரனின் பாட் பையர்ஸ் என்ற விமானியை வீழ்த்திய பிறகு, அவர் காயத்தோடு உயிருடன் பிடிபட்டிருக்கிறார் என்று எழுதிய சீட்டை எதிரியின் விமானத் தளத்துக்கு மேலே தாழப் பறந்துபோய்ப் போட்டார், விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே. பையர்ஸ் தீக்காயத்தால் இறந்ததும் மறுபடி போய் இரங்கல் சீட்டையும் போட்டார். இப்படிச் செய்யக்கூடாது என்று பின்னால் ஜெர்மன் விமானப் படைத் தலைவர் கோரிங் தடை போட்டார். வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லாமல் 1942 செப்டம்பர் 1-இல் ஒரே நாளில் 17 என்பதை மட்டும் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த 17 உட்பட ஜெர்மன் கணக்குகளை நேச நாட்டு இழப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், நிறைய பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை என்கிறார்கள். வேகமான சண்டையில் எல்லாத் தரப்பிலும் கணக்கு வீங்கும். தாளில் அதுவும் இல்லை. அந்த வானத்துக்குக் கீழே நம் ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், 4-ஆவது இந்திய டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் ஒரு கம்பெனி அதே பாலைவனத்தில்தான் வேலை செய்தது.

இப்போது பெரிய பிழை. 'மார்செய் உயிர் நீத்த விமானம்' என்று பெட்டியின் பக்கவாட்டில் போட்டிருக்கிறார்கள். தவறு. இந்த எஃப்-4 அவரைக் கைவிடவில்லை. அவர் இறந்தது ஜி-2 டிராப் ரகத்தில், அதில் புது டெய்ம்லர்-பென்ஸ் 605 எஞ்சின். அந்த எஞ்சின் அப்போது பழுதுக்குப் பேர் போனது, அதனால் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார், ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷல் கெஸ்ஸல்ரிங்கிடமிருந்து உத்தரவு வந்த பிறகு வேறு வழியில்லாமல் ஏறினார். அதற்குள் ஆளும் களைத்துப்போயிருந்தார். செப்டம்பர் 6-இல் ஷ்டைன்ஹௌஸன், மறுநாள் ஷ்டால்ஷ்மிட் என்று நெருங்கிய தோழர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 30, 1942. ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் போய்விட்டு, சண்டை எதுவும் இல்லாமல் திரும்பிக்கொண்டிருக்கிறார். காக்பிட்டுக்குள் புகை. கண் தெரியவில்லை, மூச்சு முட்டுகிறது, கூட வந்தவர்கள் ரேடியோவில் வழி சொல்லிச் சொல்லி ஜெர்மன் படைகள் வசமிருந்த பகுதிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அப்புறம் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிக் குதிக்கிறார், ஏன் புரட்ட வேண்டும் என்பது அந்தக் குறுகலான கூண்டைக் கட்டியவர்களுக்குப் புரியும். ஆனால் விமானம் அதற்குள் மூக்கைச் சாய்த்து இறங்க ஆரம்பித்திருந்தது, செங்குத்து வாலில் மார்பு மோதியது, பாராசூட் விரியவே இல்லை. எகிப்தில் சிடி அப்தெல் ரஹ்மானுக்குத் தெற்கே விழுந்தார். எதிரி குண்டு ஒன்றுகூடப் படவில்லை, எஞ்சின் பழுதுதான் காரணம் என்றது விசாரணை. அந்தப் பிரிவு மனம் உடைந்துபோய்க் கொஞ்ச நாள் ஆப்பிரிக்காவிலிருந்தே வெளியே எடுக்கப்பட்டது. வாலில் அந்தக் கோடுகளை ஒட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வால் மோதல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது, வேறு விமானம் என்றாலும் அதே வடிவம்.

நாஜிகளின் ஸ்வஸ்திகா இரண்டு துண்டாக வெட்டி அச்சிடப்பட்டிருக்கிறது, அது அச்சுப் பிழை இல்லை. ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு அதைப் பொதுவில் காட்டத் தடை விதிக்கிறது, அதனால் கிட் தயாரிப்பாளர்கள் இப்படித் துண்டாக்குவது வழக்கம். நான் ஒட்டினேன், அந்தச் சின்னத்தை விட்டுவிட்டால் அவர் யாருக்காகப் பறந்தார் என்பதே மறைந்துவிடும் என்று நினைத்தேன். உங்கள் விருப்பம் வேறாக இருக்கலாம். தொப்ருக்கில் பிடிபட்ட மத்தேயு லெட்டுலு என்ற கறுப்பினத் தென்னாப்பிரிக்க வீரரைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டு நண்பராக நடத்தினார், ஆகவே நாஜிகளுக்கு எதிரானவர் என்று சிலர் எழுதுகிறார்கள். நட்பு உண்மை. ஆனால் ஹிட்லர் கையாலும் முசோலினி கையாலும் பதக்கம் வாங்கியதும் உண்மை, கொள்கை எதிர்ப்பாளர் என்று சொல்ல ஆதாரம் போதாது என்பது ஜெர்மன் ராணுவ வரலாற்று ஆய்வாளர்களின் நிலை. ஆப்பன் என்ற ஊரில் 1975 முதல் அவர் பெயரில் இருந்த ராணுவ முகாமை 2021-இல் பெயர் மாற்றிவிட்டார்கள். இப்போது யூர்கன் ஷூமன் பெயர், 1977-இல் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்தின் கேப்டன், ஏடனில் கடத்தல்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

தபால் செலவு சேர்த்து எனக்கு 4,200 ரூபாய் ஆனது. பிளாஸ்டிக்குக்கு 10-க்கு 9, டெக்காலுக்கு 4, குறிப்புத் தாளுக்கு 2. விற்றவரிடம் குறைந்த ஒரு கோட்டைப் பற்றி எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. வாங்குபவர்கள் சுக்கானுக்கு மட்டுமாவது வேறு டெக்கால் தாள் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், மற்றபடி தயங்க வேண்டாம்.

அலமாரியில் இப்போது இது தனியாக நிற்கிறது. பக்கத்தில் வைக்கத் தென்னாப்பிரிக்க 5-ஆம் ஸ்குவாட்ரன் அடையாளத்தோடு ஒரு டோமஹாக் தேடிக்கொண்டிருக்கிறேன், அதே 48-ல் 1 அளவில், ராபின் பாரேவுக்காக. யாரிடமாவது கட்டாத பெட்டி இருந்தால் சொல்லுங்கள்.